ஐந்து வீட்டுத் திருகுகள்

வீட்டில் மின்கார் சார்ஜர் பொருத்துகிற தொழிலில் சுவரைத் துளைப்பது பத்து நிமிட வேலை. எந்தச் சுவர் என்று அந்தக் குடும்பம் ஒத்துப்போவதற்குள் நமக்குக் கொடுத்த தே ஓ கோசோங் ஆறிப்போய், சீனியே இல்லாத அந்தத் தேநீருக்கும் எறும்பு வந்துவிடும்.

ஏர்கான் மாட்டுகிறவர்களே, குழாய் பழுது பார்க்கிறவர்களே, திரைச்சீலைக்கு அளவெடுக்கிறவர்களே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் வீட்டில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு நின்று, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று கேட்டுப் பழகிய நாமெல்லாம் ஒரே கட்சி. ஆனால் வேலையை முடித்து, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, ஒரே நாளில் ஐந்து வீட்டுக் கதவை மறுபடியும் தட்டியிருக்கிறீர்களா? போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை நான் தட்டினேன்.

திருப்புளி கொடுத்த வாக்குமூலம்

என்னிடம் ஒரு திருப்புளி உண்டு. சிங்கப்பூரில் ஸ்க்ரூ டிரைவருக்கு இந்தச் சொல்லை உபயோகிக்கிற ஒரே மின்பணியாளன் நான்தான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், இருக்கட்டும். இது சாதாரணத் திருப்புளி இல்லை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளவு வைத்துவிட்டால், திருகு அந்த இறுக்கத்தைத் தொட்டதும் 'டிக்' என்று சத்தம் கொடுத்து வழுக்கிவிடும். சார்ஜர் வேலையில் இது முக்கியம். கெட்டில் மூன்று நிமிடம் ஓடி நின்றுவிடும். சார்ஜரோ தொடர்ந்து ஏழு மணி நேரம் மின்சாரத்தை உறிஞ்சும். கம்பியைப் பிடித்திருக்கும் திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். சூடானால் இன்னும் தளரும். இன்னும் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்காரர் தூங்கும்போது தெரிந்துகொள்ள நேரிடும்.

வருடத்துக்கு ஒருமுறை இந்தத் திருப்புளியை அளவு சோதிக்கக் கொடுப்பேன். ஜாலான் புசாரில் வன்பொருள் கடை வைத்திருக்கும் காதர் பாய் அதை ஜூரோங்கில் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பி வாங்கித் தருவார். அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். அவர் வழக்கம்போல் சான்றிதழை நீட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே வாசித்தார். நான் வைத்த அளவில் பாதியைத் தொடும் முன்பே திருப்புளி 'டிக்' சொல்லிவிடுகிறதாம்.

"கீழ போட்டியா தம்பி?" என்றார்.

"என் கருவிய நான் கீழ போடுவேனா பாய்?" என்று சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வீட்டுப் போர்ச்சில், ஏணி உச்சியிலிருந்து அது சிமெண்டுத் தரையில் விழுந்தது. துடைத்துவிட்டு அதையே வைத்து வேலையைத் தொடர்ந்தேன். அந்த வீட்டையும் சேர்த்து அதற்குப் பிறகு ஐந்து வீடுகள். ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தேன், ஐந்து நிமிடம் ஓட்டியும் பார்த்தேன். ஆனால் இழுத்தால் வராத கம்பியெல்லாம் இறுகிய கம்பி என்று சொல்ல முடியாது. அதைப் பற்றி நானே எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

காதர் பாய் சான்றிதழோடு ஒரு புதுத் திருப்புளியை எடுத்து என் கையில் திணித்தார். "அது பொய் சொல்லல தம்பி. விழுந்தத நீதான் யார்கிட்டயும் சொல்லல."

பக்கத்து வீட்டு அவசரச் சேவை

கடை வாசலிலேயே நின்று ஐந்து வீட்டுக்கும் போன் போட்டேன். "நான் வர்ற வரைக்கும் சார்ஜ் போடாதீங்க, சின்னப் பின்சோதனை" என்றேன். 'பின்சோதனை' என்பது அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கிய சொல். கேட்க மரியாதையாக இருந்தது. நாலு பேர் சரி என்றார்கள். ஐந்தாவது வீடு மட்டும் எடுக்கவில்லை. செய்திக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. அன்றைக்கு 'டிக்' என்ற சத்தத்தையும் அடையாளத்தையும் நான் ஒருசேர வெறுத்தேன்.

அந்த வீடு சுவா சூ காங்கில் ஒரு தரைவீடு. கவிதா என்று ஒரு பெண், கணவர், இரண்டு பிள்ளைகள். கவிதா ஜூரோங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று முன்பு சொல்லியிருந்தார். கணவரும் பிள்ளைகளும் அந்த வாரம் சென்னையில் பாட்டி வீட்டில் இருப்பார்கள் என்றும் சொல்லியிருந்தார். நேராக அங்கேதான் வண்டியை விட்டேன். கேட் பூட்டியிருந்தது. மின்பெட்டியும் உள்ளே. போர்ச்சில் புதுக் கார் நின்றது. அவர் கம்பெனி பஸ்ஸில் போகிறவர். நான் மாட்டிய சார்ஜரிலிருந்து கறுப்புக் கேபிள் இறங்கி வளைந்து போய்க் காரில் செருகியிருந்தது. சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று பார்க்க முடியாதபடி ஒரு செம்பருத்திச் செடி மறைத்தது.

கேட்டுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி விளக்குமாற்றோடு வந்து விசாரித்தார். உண்மையைச் சொன்னேன், திருடன் என்று நினைப்பதைவிட அது மேல். கவிதா ஐந்தரை மணி பஸ்ஸில்தான் வருவார் என்றார் அவர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படித்தான் வரும்: "நீ போய் மத்த வேலையப் பாரு. நம்பர் குடு. நெருப்பு வந்தா நான் போன் பண்றேன்லா."

டிக் சத்தத்தின் அளவு

நெருப்பு வந்தால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஆன்ட்டிக்கு இரண்டு முறை விளக்கிவிட்டு, அப்பர் சிராங்கூன் பக்கம் மிஸ்டர் டான் வீட்டுக்கு வந்தேன். திருப்புளி விழுந்த வீடு அதுதான். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சார்ஜர் மாட்டிய அன்று ரசமட்டத்தை என் கையிலிருந்து வாங்கி மூன்று முறை வைத்துப் பார்த்தவர். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். கண்ணாடியில் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும்.

மூடியைக் கழற்றிப் புதுத் திருப்புளியை வைத்தேன். ஒவ்வொரு திருகும் கால் சுற்றுச் சுற்றி, பிறகு 'டிக்' என்றது. கறுப்பு இல்லை, வாசனை இல்லை. அவர் டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். பின்சோதனை என்கிற மரியாதையான சொல் அவர் முன்னால் நிற்கவில்லை. கருவி கெட்டுப்போயிருந்தது என்று ஒப்புக்கொண்டேன்.

மிஸ்டர் டான் தலையாட்டினார். "அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு டிக் சத்தம் சின்னதாகிவிட்டது. நீங்கள் நிபுணர் ஆயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டேன்."

விருந்தாளியின் காலணி

இரண்டாவது, லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு காண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி. அங்கே ஒரு பல் டாக்டருக்கு அவருடைய கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் மாட்டியிருந்தேன். காண்டோவில் சார்ஜர் மாட்டுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் நிர்வாகக் குழுவில் இருக்கும் ஏழு பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும், மின்சாரம் அதற்குப் பிறகு வருகிற சின்ன விஷயம். அந்த டாக்டர் எட்டு மாதம் காத்திருந்து அனுமதி வாங்கியவர்.

காவலுக்கு இருந்தவர் ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகும் வேலு அண்ணன். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "வேலைன்னா மூணு நாள் முன்னாடியே பாரம் எழுதிக் குடுக்கணும் தம்பி. விருந்தாளின்னா இப்பவே போலாம். நீங்க எது?" என்றார். விதிகளை மதிக்கிறவன் நான். விதியே எனக்கு இரண்டு வழி காட்டும்போது கிட்ட இருக்கிற வழியில் போவதும் மதிப்புத்தான். "விருந்தாளி" என்றேன். டாக்டரே கீழே இறங்கி வந்து என்னை வரவேற்று, தன் கையாலேயே மின்சாரத்தை அணைத்தார். அங்கேயும் திருகுகள் கால் சுற்று, எல்லாம் சுத்தம். இருபது நிமிடத்தில் விருந்து முடிந்தது.

வெளியே வரும்போது வேலு அண்ணன் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, என் இரும்பு முனை பூட்ஸைப் பார்த்தார். "அடுத்த தடவ விருந்துக்கு வரும்போது செருப்பு போட்டுக்கிட்டு வாங்க தம்பி, எனக்கும் எழுத வசதியா இருக்கும்."

கார் வெளியே போயிருக்கிறது

மூன்றாவது வீட்டில் எனக்குப் பயமே இல்லை. அவர்களிடம் காரே இல்லை.

வீட்டைப் புதுப்பிக்கும்போதே சுவரைத் திறந்து கம்பி இழுத்துவிடுவது புத்திசாலித்தனம் என்று சொன்னது நான்தான். கம்பி போதும் என்றேன். அந்த வீட்டுக்காரர் சார்ஜரும் வேண்டும் என்றார். இங்கே கார் வாங்க முதலில் ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறார். அது அவருக்காக இறங்குவதாகத் தெரியவில்லை. இப்போது சார்ஜர்மேல் இரண்டு குடைகள் தொங்குகின்றன. கேபிள் மாட்டும் கொக்கியில் அவர் மனைவி ஒரு பூந்தொட்டியை மாட்டியிருக்கிறார். பூந்தொட்டியைக் கழற்றி, திருகுகளை இறுக்கி, பூந்தொட்டியை மறுபடி மாட்டினேன்.

"சும்மா கெடக்குதேன்னு வருத்தமா இல்லயா சார்?" என்று கேட்டேன்.

"எதுக்கு வருத்தம்? வர்றவங்க எல்லாம் இதப் பாத்துட்டு, 'கார் வெளிய போயிருக்கா?'ன்னுதான் கேக்குறாங்க."

ஐந்து நட்சத்திரம்

நாலாவது பஷீரின் வீடு. அண்ணன் குடும்பத்தோடு ஒரு பழைய தரைவீட்டில் இருக்கிறார்; வாடகைக் கார் ஓட்டுகிறார். ஐந்து பேரில் சார்ஜரை உண்மையாக வேலை வாங்குகிறவர் அவர்தான். தினமும் ஏழு மணி நேரம், ஒரு நாளும் விடாமல். அவர் வரும்வரை வாசலில் காத்திருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் சுவா சூ காங் ஆன்ட்டி.

"இன்னும் நெருப்பு இல்ல. நீ கவலப்படுவியேன்னு சொன்னேன்" என்று வைத்துவிட்டார்.

பஷீர் வந்ததும் மூடியைத் திறந்தேன். மூன்று திருகுகள் பரவாயில்லை. நாலாவதைச் சுற்றி, கம்பியின் பழுப்பு உறை பளபளப்பு இழந்து, லேசாகச் சுருங்கியிருந்தது. கரியவில்லை. ஆனால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்பது அதில் எழுதியிருந்தது; அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியும். மேலே மாடியில் பஷீரின் அண்ணன் பிள்ளைகள் ஓடியாடும் சத்தம் கேட்டது.

கம்பியின் முனையை வெட்டிப் புதிதாகச் சீவி, டெர்மினலையும் மாற்றி, புதுத் திருப்புளியால் இறுக்கினேன். வெட்டிய துண்டை பஷீரிடம் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, என் வண்டியில ஏறுன ஆளு நாலு நட்சத்திரம் குடுத்தாலே எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு எறங்காது. நீங்க உங்க தப்ப நீங்களே வந்து காட்டுறீங்க. உங்களுக்கு எத்தன குடுக்குறதுன்னு தெரியலயே!"

சிவப்புப் பூட்டு

பஷீர் வீட்டுக் கம்பித் துண்டு சட்டைப்பையில் உறுத்த, மறுபடியும் சுவா சூ காங். கவிதாவுக்கு நான் அனுப்பிய ஒன்பது செய்திகளும் ஒற்றை டிக்கோடு நின்றன. வண்டியில் போகும்போது அந்த வீட்டில் சார்ஜர் மாட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அதை உங்களிடமாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அது ஆடி பிறந்து நாலாவது நாள். கவிதா, "அண்ணா, இத ஆவணிக்குத் தள்ளிப்போட முடியுமா? கார்கூட ஆனியிலயே எடுத்துட்டோம்" என்றார். நான் ஏணியில் நின்றபடியே இருபது நிமிடம் பேசினேன். பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் ஆடி என்று நிறுத்தம் கிடையாது என்றேன். விதைக்கிற காலத்தில் கல்யாணம் வைத்தால் வயலுக்கு ஆள் கிடைக்காது என்று பயந்தவர்கள் போட்ட ஏற்பாடு இது, சுவா சூ காங்கில் இப்போது யார் விதைக்கிறார்கள் என்றேன். மின்சாரத்துக்குத் தமிழ் மாதம் தெரியாது என்று முடித்தேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கண்ணா, நீங்க மாட்டிட்டுப் போங்க" என்றார். பகுத்தறிவுக்கு ஒரு வெற்றி என்று நினைத்துக்கொண்டு, பாதி இறுகிய திருகுகளை விட்டுவிட்டு வந்தேன். அந்த வெற்றி இரண்டரை வாரமாகத் தினமும் அவர் வீட்டுச் சுவரில் சூடேறிக்கொண்டிருக்கிறது என்றுதான் அந்தச் சனிக்கிழமை முழுக்க நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து முப்பத்தைந்துக்குக் கம்பெனி பஸ் வந்தது. கவிதா இறங்கியதும், வணக்கம்கூடச் சொல்லாமல், "சார்ஜ் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் வேலியோரம் வந்து நின்றார்.

"எங்கண்ணா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே" என்றார் கவிதா.

கேட்டைத் திறந்தார். செம்பருத்திக்குப் பின்னால் சார்ஜரின் விளக்கு அணைந்திருந்தது. பக்கத்தில் நான் மாட்டிய சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு. அவர்கள் தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் எந்திரத்தை யாரும் தெரியாமல் ஓட்டிவிடாதபடி போடுவார்களே, அதே பூட்டு. அதில் ஓர் அட்டை தொங்கியது. 'இயக்காதீர்' என்று அச்சிட்டிருந்தது. 'எதுவரை' என்ற கட்டத்தில் நீல மையில், அழகான கையெழுத்தில், 'ஆவணி 1'.

"அப்ப கேபிள ஏன் கார்ல செருகியிருக்கீங்க?" என்றேன்.

"கேபிள் தரையில கெடந்தா யாராவது தடுக்கி விழுவாங்கண்ணா. கொக்கி அடிக்கிறதயும் ஆவணிக்குத்தான் வெச்சிருக்கேன். அதுவரைக்கும் சார்ஜ் ஏத்த எதிர் புளோக் கார்பார்க்குக்குப் போறேன்."

அவரே சாவி எடுத்துப் பூட்டைத் திறந்தார்; நான் மூடியைக் கழற்றினேன். ஐந்து வீட்டிலும் மோசம் இதுதான். இரண்டு திருகுகள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பிறகே 'டிக்' என்றன. கம்பிகளோ கடையில் வாங்கி வந்த அன்றைப்போலப் பளபளவென்று இருந்தன. அவற்றில் என் ஐந்து நிமிடச் சோதனையைத் தவிர மின்சாரம் ஓடியதே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஏணியில் சாய்ந்து, காலையில் திருப்புளி சொன்னதில் ஆரம்பித்து, பையிலிருந்த பஷீர் வீட்டுக் கம்பித் துண்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி, "நெருப்பு இல்ல, நான் சொன்னேன்ல" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ஆவணி வரைக்கும் போடமாட்டேன்னு?" என்று கேட்டேன்.

"நீங்க பேசி முடிச்சப்போ அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, அதக் கெடுக்க மனசு வரல" என்ற கவிதா, பூட்டை மறுபடி மாட்டிச் சாவியைப் பைக்குள் போட்டார். அட்டையை நேராகத் திருப்பி வைத்தார். பிறகு, கொஞ்சமும் சிரிக்காமல், "அண்ணா, இந்த மாதிரி மயிரிழையில தப்பிச்சதுக்கு எங்க தொழிற்சாலைல ஒரு படிவம் உண்டு. அதுல 'விபத்தைத் தடுத்த காரணம்'னு ஒரு கட்டம் வரும். அதுல நான் என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார்.

அந்தக் கட்டத்தை நிரப்பும் பொறுப்பை நான் ஏற்கவில்லை; ஆனால் இப்போதெல்லாம் யாராவது "ஆடி முடியட்டுமே" என்று இழுத்தால், மின்சாரத்துக்கு மாதம் தெரியாது என்று சொல்வதை நிறுத்திவிட்டு, வண்டியில் தயாராக வைத்திருக்கும் சிவப்புப் பூட்டு ஒன்றை எடுத்து நீட்டுகிறேன்.